பசியில்லாத கோழிகள்

அத்தியாயம் 9

கோழியின் கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தில் தீனிப்பை இருக்கிறது. இரண்டு விரலை வைத்து மெல்ல அமுக்கினால் போதும், உள்ளே என்ன நிலவரம் என்று தெரிந்துவிடும். காலி என்றால் வெறும் தோல் தளர்ந்து விரலோடு வரும். தீனி இருந்தால் தானியம் நெருநெருவென்று தட்டுப்படும்.

நுமீசியா அமுக்கிப் பார்த்த முதல் கோழிக்கு அது கல் மாதிரி உருண்டு நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நான்காவதும். கூண்டில் இருந்ததே நான்குதான்.

விடிந்து இன்னும் ஒரு மணி ஆகவில்லை. விடியலிலிருந்து எண்ணி மூன்றாம் மணிக்கு இந்தக் கோழிகள் ரோமாபுரி செனட் சபைக்கு முன்னால் பசியோடு நிற்க வேண்டும்.

"லாபியோ, இதுங்களுக்குக் கடைசியா எப்போ தீனி வெச்சே?"

"நேத்து மத்தியானத்துக்கு மேல ஒத்தத் தானியம் காட்டலீங்கம்மா." லாபியோ முப்பது வருஷமாக அரசாங்கக் கோழிகளைப் பார்த்துக்கொள்கிறவர். கோழிகள் தெய்வத்தின் வாயாக இருப்பதால், அவருக்கும் ஊரில் கொஞ்சம் மரியாதை உண்டு.

"அப்ப உள்ள இருக்கிறது என்ன, காத்தா?"

லாபியோவும் அமுக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"விடியறதுக்குள்ள யாரு வந்தா இங்க?"

"நான் கதவுக்கு வெளிய படுத்திருந்தேன். அரண்மனைக்காரங்க உள்ள போறேன்னா, யாரு என்னன்னு கேக்க எனக்கு எத்தனை கழுத்தும்மா இருக்கு?"

"ஒருத்தரா, ரெண்டு பேரா? அதையாவது சொல்லு."

லாபியோ கூண்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நுமீசியா கூண்டின் அடியில் விரலால் துழாவினாள். உமியோடு இரண்டு பார்லி கிடைத்தது. அதற்குப் பக்கத்திலேயே நாலைந்து கோதுமை மணிகள். எல்லாவற்றையும் முக்காட்டின் ஓரத்தில் முடிந்துகொண்டாள்.

"முதல்ல தண்ணி வை. எவ்வளவு குடிக்குதோ குடிக்கட்டும். தானியம் ஊறினாத்தான் கீழ எறங்கும்."

ஒன்பது நாளைக்கு முன்புவரை நுமீசியாவுக்கு அரண்மனையில் ஒரு வேலையும் இல்லை. அரீசியா மலைச்சரிவில் சொந்தப் பண்ணையில், இருநூறு கோழிகளோடு, விதவையாக நிம்மதியாக இருந்தாள். அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. பெரியப்பா மகனான சக்கரவர்த்தியை யாரோ குளியலறைப் படியிலேயே குத்திப் போட்டுவிட்டார்கள்.

அடுத்து நடந்ததை இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாளும் கையுமாக அரண்மனையைச் சல்லடை போட்ட காவல்படை, நிலவறையில் ஒரு மனுஷரைக் கண்டுபிடித்தது. ஐம்பது வயது. சேற்றில் குப்புறப் படுத்து, தோள்வரை ஒரு குழாய்க்குள் கையை விட்டிருந்தார். அவர்தான் நுமீசியாவின் அண்ணன் ஆலஸ். நகரத்துத் தண்ணீர் வாய்க்கால்களுக்கெல்லாம் மேலதிகாரி. அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மேலே கொலை நடந்ததே தெரியாது.

"அந்த விளக்கைக் கொஞ்சம் கிட்டக் காட்டுப்பா" என்றார், வந்தவர்களிடம்.

படைத்தலைவன் செஸ்டியஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்குத் தேவைப்பட்டது அதே வம்சத்தில் ஒரு ஆள். கேள்வி கேட்காத ஆள். சேறு சொட்டச் சொட்ட ஆலஸைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் "சக்கரவர்த்தி வாழ்க" என்று கத்தினார்கள்.

ஆனால் முந்தாநாள் ஆலஸ் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். வாய்க்கால் கணக்கில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் குறைந்தது. தோண்டச் சொன்னார். திருட்டுக் குழாய் ஒன்று நேராக செஸ்டியஸ் வீட்டுத் தோட்டத்துக்குள் போனது. வெட்டச் சொல்லிவிட்டார். பகையெல்லாம் இல்லை, திருட்டுக் குழாய் என்றால் வெட்டவேண்டும், இருபது வருஷப் பழக்கம். சக்கரவர்த்தியாக அவர் போட்ட முதல் உத்தரவு அதுதான். செஸ்டியஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "கடமைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தான்.

இன்று செனட் ஆலஸை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் கோழிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். கூண்டைத் திறந்து மாவு உருண்டையைப் போடுவார்கள். கோழி ஆவலாகத் தின்று, அலகிலிருந்து துணுக்கு தரையில் விழுந்தால், தெய்வத்துக்கு முழுச் சம்மதம். தின்னாவிட்டால் தெய்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று அர்த்தம். அதனால்தான் முதல் நாளே பட்டினி போடுகிறார்கள். தெய்வத்துக்கு மனுஷர்கள் செய்கிற சின்ன ஒத்தாசை அது.

தெய்வம் முகம் திருப்பிய சக்கரவர்த்தியைக் காவல்படை சாயங்காலம்வரைகூட விட்டுவைக்காது.

*

அண்ணி வரீலியா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கொண்டை பாதியில் நின்றிருந்தது. நுமீசியா பணிப்பெண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"என்ன, கோழிக்காரி காலங்காத்தால எங்கிட்ட வந்திருக்கே?"

"கையைக் காட்டுங்க அண்ணி."

"எதுக்கு?"

"காட்டுங்க."

வரீலியா காட்டவில்லை. காட்ட வேண்டியும் இருக்கவில்லை. அங்கியின் கைமடிப்பில் உமி ஒட்டிக்கொண்டிருந்தது.

நுமீசியா அதைத் தட்டிவிட்டாள். பிறகு வரீலியாவே ஆரம்பித்தாள்.

"ஆமா, நான்தான் போட்டேன். எனக்கு என் புருஷன் வேணும். ஒம்பது நாளா அவரு தூங்கல. எனக்கும் தூக்கம் இல்ல. கோழி தின்னலன்னா செனட் வேண்டாம்னு சொல்லிடும். நாங்க பாட்டுக்கு எங்க வீட்டுக்குப் போயிடுவோம். அவரு குழாயக் கட்டிக்கிட்டு அழட்டும், நான் அவரைக் கட்டிக்கிட்டு அழறேன்."

"அண்ணி, அந்த நாற்காலியில உக்காந்துட்டு எழுந்து வீட்டுக்குப் போனவங்க ஒருத்தர் பேரச் சொல்லுங்க."

வரீலியா எண்ணுவதற்கு விரலை நீட்டினாள். முதல் விரலே மடங்கவில்லை.

"நீங்க உங்க வீட்டு வாசல்ல கால் வெக்கிறதுக்குள்ள அண்ணன் தலை ஈட்டி முனையில இருக்கும். அவரு உயிரோட இருந்தா, அடுத்து வர்றவனுக்கு எப்பவும் பயம்தானே?"

வரீலியாவின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. "ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்... நாலுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிடிதான் நுமீசியா. கை நடுங்கிச்சு. போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

"ஒரு பிடியா?"

"எங்கம்மா மேல சத்தியமா ஒரு பிடி."

நுமீசியா முக்காட்டு முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடி தானியத்தை நான்கு கோழிக்குப் பங்கு போட்டால் தீனிப்பை லேசாகத் தொங்கும். கல் மாதிரி உருண்டு நிற்காது.

"கோதுமையும் போட்டீங்களா?"

"கோதுமையா? குதிரை லாயத்துலேர்ந்து பார்லி எடுத்துட்டுப் போனேன். கோதுமைய நான் கண்ணால பாக்கல."

அப்படியானால் இன்னொருவரும் வந்திருக்கிறார். வரீலியா மாதிரி பயந்து ஓடாமல், நின்று நிதானமாக, கோழி போதும் என்று சொல்லும்வரை போட்டிருக்கிறார்.

*

ஆலஸுக்கு டோகா கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல கம்பளித் துணி, மூன்று ஆள் நீளம்; இடது தோளில் தொடங்கி முதுகைச் சுற்றி மறுபடி தோளுக்கே வரவேண்டும். அவர் கொடிக்கம்பம் மாதிரி அசையாமல் நின்றார். ஆட்களை வெளியே அனுப்பச் சொல்லி நுமீசியா விஷயத்தைச் சொன்னாள்.

அவர் "யாரு?" என்று கேட்கவில்லை. "எவ்வளவு நேரத்துல வடியும்?" என்று கேட்டார்.

"அண்ணா, கோழி என்ன தண்ணித் தொட்டியா?"

"பின்ன என்ன? மேல வாய், நடுவுல தொட்டி, கீழ ஒரு வழி. கீழ் வழி எவ்வளவு அகலம்?"

"சின்னது. ரெண்டு தானியம் மூணு தானியமாத்தான் எறங்கும்."

"அப்போ மேல எவ்வளவு கொட்டியிருந்தாலும் எறங்குற வேகம் ஒண்ணுதான். தண்ணி காட்டினியா?"

"காட்டிட்டேன். ஊறினா கொஞ்சம் சுருக்கா எறங்கும். நிழல்ல வெக்கணும், வெயில் பட்டா தீனியையே பாக்காது. இழுத்துப் பிடிச்சா எட்டாம் மணிக்குப் பசி எடுக்கும்."

"மூணாம் மணிக்குக் கூப்பிட்டிருக்கோம். அஞ்சு மணி நேரம்."

"அதுவும் கோடைக்காலத்து மணி, அண்ணா."

அது சரிதான். பகல் எவ்வளவு நீளமானாலும் பன்னிரண்டாகத்தான் பிரிக்கிறோம். குளிர்காலத்தில் ஒரு மணி கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். இந்த மாதத்தில் ஒவ்வொரு மணியும் இழுத்துக்கொண்டே போகும்.

"நாளைக்குத் தள்ளி வெக்கலாமா?"

"தள்ளி வெச்சா கோழி மாட்டேன்னுடுச்சுன்னு ஊர் பூரா சொல்லிடுவாங்க." ஆலஸ் தோளில் நழுவிய துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். "தண்ணி அடங்குற வரைக்கும் மதகைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதானே? நீ திரைக்குப் பின்னால கூண்டுக்குப் பக்கத்துல இரு. தோல் விரலோட வந்ததும் திரையை ஒரு முழம் இழு. நான் பாத்துக்கிறேன்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"என்னை எல்லாரும் எதுக்குத் திட்டுவாங்க?"

நுமீசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்கன்னு."

"அதைத்தான் பண்ணப் போறேன்." வாசல்வரை போனவர் நின்றார். "போட்டது ஒருத்தரா?"

"ரெண்டு பேரு. ஒருத்தர் யாருன்னு எனக்குத் தெரியும். அதை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

ஆலஸ் உள்ளறைக் கதவைப் பார்த்தார். அதற்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கேக்கல" என்றார்.

*

கோயில் முற்றத்தில் முந்நூறு பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டு தூண் நிழலில் இருந்தது. அதை ஒட்டித் திரைக்குப் பின்னால், கை நீட்டினால் கோழி எட்டும் தூரத்தில், நுமீசியாவும் வரீலியாவும் நின்றார்கள். படிக்கட்டின் கீழே, ஆலஸுக்கு நேர் எதிரே, கவசம் பளபளக்க செஸ்டியஸ்.

"கூண்டைத் திறக்கலாமா?" என்று லாபியோ கேட்டார்.

"பொறுங்க. தெய்வத்துக்கிட்ட ஒண்ணு கேக்கப் போறோம். என்ன கேக்கறோம்னு தெய்வத்துக்கு முதல்ல தெரியணும்ல? நான் சக்கரவர்த்தியானா என்ன செய்வேன்னு சொல்லிடறேன். அப்புறம் தெய்வம் சொல்லட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நான் தண்ணியப் பத்திச் சொல்றேன்."

தலையாட்டியவர்கள் நிறுத்தினார்கள்.

ஆலஸ் மலையில் ஊற்று தொடங்கும் இடத்திலிருந்து ஆரம்பித்தார். வாய்க்கால் எத்தனை அடிக்கு எவ்வளவு சரிய வேண்டும், அதிகம் சரிந்தால் ஏன் காரை அரிக்கும், குறைந்தால் ஏன் வண்டல் தங்கும். வண்டல் தங்கும் தொட்டியை எப்படிக் கழுவுவது. நான்காம் மணிக்கும் அவர் பேச்சில் தண்ணீர் இன்னும் நகரத்துக்குள் வரவில்லை. முன்வரிசையில் துர்பியோ என்ற பருத்த உறுப்பினர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார்.

"இந்த ஆளையா காவல்படை தூக்கிட்டு வந்துச்சு? தூக்கினவங்க காதுல பஞ்சு வெச்சிருந்தாங்களா?" என்று பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தார்.

"கோழி செத்துடும்யா அதுக்குள்ள" என்றார் அவர்.

எல்லோரும் கூண்டைப் பார்ப்பதும் சூரியனைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். சிலர் எழுந்து போகத் தயாரானார்கள். திரைக்குப் பின்னால் நுமீசியா மறுபடி ஒரு கோழியை அமுக்கிப் பார்த்தாள்; இன்னும் கல்தான். சபை கலைந்தால் எல்லாம் முடிந்தது.

அப்போதுதான் ஆலஸின் தண்ணீர் நகரத்துக்குள் நுழைந்தது.

"வீட்டுக்குத் தண்ணி அனுமதிச்சா தொட்டிச் சுவருல பதிக்க ஒரு வெண்கல வாய்க்குழல் குடுக்கிறோம். ஏன் வெண்கலம்? ஈயம்னா சுத்தியால தட்டி அகலமாக்கிடலாம். வெண்கலம் வளையாது. அளவு பார்த்து முத்திரை குத்தித் தர்றோம். சரி, அப்புறம் எப்படித் திருடறாங்க?"

துர்பியோவின் வாய் பாதிக் கொட்டாவியில் நின்றது.

"வாய்க்குழல் சரியாத்தான் இருக்கும். ஆனா அது முடியற இடத்துலேயே பெரிய குழாயைச் சேர்த்துடுவாங்க. அது உறிஞ்சி இழுக்கும். இன்னும் சில பேரு குழலைக் கொஞ்சம் கீழ எறக்கி வெப்பாங்க. சில பேருக்கு அனுமதியே முடிஞ்சு போயிருக்கும், தண்ணி மட்டும் முடியாது. யாரு பேரும் நான் சொல்லப் போறதில்ல. தெருத்தெருவா, எங்கெங்க எவ்வளவு குறையுதுன்னு மட்டும் சொல்லிட்டு வரேன். கிழக்கு மேட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். தன் தெரு வருவதற்கு முன்னால் எழுந்து போனால், போனவன்தான் திருடன் என்று ஆகிவிடும். தன் தெரு வந்து போன பிறகு எழுந்தாலும் அதே கதைதான். ஒருவரும் அசையவில்லை.

"மேற்குச் சரிவு, மீன் குளங்கள் இருக்கிற பக்கம்" என்றார் ஆலஸ், ஐந்தாம் மணிக்கு. துர்பியோ வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ரோமாபுரியிலேயே பெரிய மீன் குளம் அவருடையது.

வெயில் ஏறித் தூண் நிழல் நகர்ந்தது. கூண்டின் ஒரு மூலையில் வெளிச்சம் விழுந்தது. கோழிகள் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின.

"போச்சு. சூடு ஏறினா தின்னாது" என்றாள் நுமீசியா.

வரீலியா ஒன்றும் பேசாமல் தன் பட்டு முக்காட்டை உருவினாள். கல்யாணத்தன்று போட்டது, பெட்டியை விட்டு இன்றுதான் எடுத்திருந்தாள். கோழிகளின் தண்ணீர்ச் சட்டியில் முக்கிப் பிழிந்து லாபியோவிடம் நீட்டினாள்.

"மேல போர்த்து. காஞ்சா திருப்பிக் குடு, நனைச்சுத் தரேன்."

ஆறாம் மணி. ஏழாம் மணி. ஆலஸின் குரல் மரத்தில் ரம்பம் இழுப்பது போல் ஆகிவிட்டது. செஸ்டியஸ் மட்டும் கொஞ்சமும் சலிக்காமல் நகத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றான். நுமீசியா அதைப் பார்த்தாள். படைவீரனுக்கு நிற்பது பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் மணிக்கு முதல் கோழியின் தோல் விரலோடு வந்தது. இரண்டாவதும் வந்தது. மற்ற இரண்டில் இன்னும் கொஞ்சம் பாக்கி. அண்ணனின் தொண்டை அதற்குமேல் தாங்காது என்று தெரிந்தது. நுமீசியா திரையை ஒரு முழம் இழுத்தாள்.

"...அந்த ஈயக் குழாயோட தடிமன் வந்து" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆலஸ், "அவ்வளவுதான். திறங்க" என்றார்.

லாபியோ கூண்டைத் திறந்து மாவு உருண்டையைப் போட்டார். முதல் கோழி வெளியே வந்தது. தலையைச் சாய்த்து உருண்டையைப் பார்த்தது. சபையைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்துகொண்டது.

வரீலியா நாத்தனாரின் கையை எலும்பு நோகப் பிடித்தாள்.

இரண்டாவது கோழி வந்தது. அது எதையும் பார்க்கவில்லை. நேரே போய் உருண்டையில் ஒரு கொத்து. அது தின்பதைப் பார்த்த முதல் கோழிக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து போய்ப் பிடுங்கியது. பிடுங்கிய வேகத்தில் அலகிலிருந்து துணுக்கு தெறித்துத் தரையில் விழுந்தது. பின்னால் வந்த இரண்டும் அதற்கு அடித்துக்கொண்டன.

"விழுந்துருச்சு! தெய்வம் சம்மதிச்சாச்சு!" லாபியோ கத்தும்போது அழுதுவிட்டார்.

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தெருப் பட்டியலை இதோடு முடித்துக்கொள்ளட்டும் என்ற அவசரமும் அந்த வாழ்த்தில் இருந்தது. துர்பியோ இரண்டு கையையும் தூக்கினார். எல்லோரையும்விட உரக்கக் கத்தியது செஸ்டியஸ்தான்.

*

அரண்மனை அறையில் ஆலஸ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பேச்சு காற்றாக வந்தது. வரீலியா சுவரோரமாக, ஈர முக்காட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க... காலையில..."

"தெரியும். இங்க வந்து உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்ததும் நுமீசியாவிடம் திரும்பினார். "அந்த இன்னொருத்தன் கோதுமை போட்டவன்தானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் கோதுமைன்னு சொல்லவே இல்லையே."

"லாபியோ சொன்னாரு. ஆளச் சொல்லல. ஆளை நானே கண்டுபிடிச்சேன்." இருமினார். "ஒரு தெருவுல தண்ணி நின்னுபோச்சுன்னா, ஊர் பூரா வந்து தொட்டியை எட்டிப் பாக்கும். எவன் ஒருத்தன் பாக்க வரலையோ, அவன் வீட்டைத்தான் நான் முதல்ல தோண்டுவேன். அவனுக்குத்தான் தண்ணி எங்க போச்சுன்னு தெரியுமே. இன்னிக்கு முந்நூறு பேரும் கூண்டைத் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. தின்னுமா, தின்னாதான்னு. அஞ்சு மணி நேரமும் எதிர்ல நின்ன ஒரே ஒரு ஆளு ஒரு தடவைகூடப் பாக்கல."

நகத்தைச் சுரண்டிக்கொண்டு நின்ற கை நுமீசியாவின் கண் முன்னால் வந்தது. "செஸ்டியஸா?"

"குழாயை வெட்டினேன்ல."

வெளியே காவலர்கள் ஈட்டியைத் தரையில் தட்டி வழிவிடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. செஸ்டியஸ் தனியாக வந்தான். முகம் நிறையச் சிரிப்பு. கையில் வெள்ளிக் கோப்பை.

"சக்கரவர்த்திக்குத் தொண்டை கட்டியிருக்குமேன்னு நானே தேன் கலந்து கொண்டு வந்தேன். நல்ல பழைய திராட்சை மது. ஒரே மடக்கா குடிச்சுடுங்க, காலையில குரல் மணி மாதிரி வரும்."

கோப்பையை நீட்டினான். வாசலில் நின்ற நான்கு காவலர்களும் அவன் ஆட்கள். வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்று கேட்பான். ஆலஸ் கையை மெல்ல உயர்த்தினார்.

அதற்குள் வரீலியா எழுந்துவிட்டாள். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். காலையில் ஒரு பிடி பார்லியை வைத்துக்கொண்டு நடுங்கிய கை இப்போது நடுங்கவில்லை.

"நாள் பூரா வெயில்ல நின்னது நீங்க" என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற குரலில். கோப்பையை அப்படியே அவன் பக்கம் திருப்பி நீட்டினாள். "முதல் வாய் நீங்க குடிங்க, செஸ்டியஸ். அப்புறம்தான் என் வீட்டுக்காரர்."

அன்று முழுக்க ஒரு தடவைகூடக் கூண்டைத் திரும்பிப் பார்க்காத செஸ்டியஸ், அந்தக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை; வாங்கக் கையும் நீட்டவில்லை.